உப்பை விடச் சொன்னேன்

போன மாதம் ஒரு நாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் ஓய்வு பெற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் பெண்தான் பேசினாள்.

“மேரி சிஸ்டர், பென்சிலின் ஊசி போட ஒருத்தங்க வந்து உக்காந்திருக்காங்க. நான் இதுவரைக்கும் தனியா போட்டதே இல்ல. கை நடுங்குது. நீங்க கொஞ்சம் வந்து பக்கத்துல நின்னீங்கன்னா போதும்.”

“யாரு, அஞ்சலையா?”

“ஆமா சிஸ்டர். நீங்க வந்தாத்தான் போட்டுக்குவேன்னு சொல்றாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “உங்களுக்கெல்லாம் பயம் எப்ப சிஸ்டர் போச்சு?”

“இரு, வர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன். அந்தக் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமென்றால் அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி இருக்கிற ஓர் ஊர் அது. பெயர் வேண்டாம். என்னை அங்கே சிடுமூஞ்சி சிஸ்டர் என்பார்கள். என் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒன்று அவர்களுக்குத் தெரியாது. நான் கோபக்காரி இல்லை, பயந்தாங்கொள்ளி. சிலருக்குப் பயம் வந்தால் அழுகை வரும், சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு அதட்டல் வரும். பெருமுக்கல் பக்கத்துப் பிள்ளை நான். பாண்டியில் படித்தேன், வானூர் பக்கம் இரண்டு வருடம் இருந்தேன், பிறகு இங்கே வந்தேன். இந்தப் பயத்தையும் கூடவே கொண்டு வந்தேன்.

இங்கே வந்த பிறகு என்னை அதிகம் பயமுறுத்தியது ஒரு சொல். இளைப்பு. மூச்சு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கத்தில் அந்த ஒரு பெயர்தான். ஆஸ்துமாக்காரர் வந்து இளைக்குது என்பார். அவர் மூச்சை விடும்போது விசில் சத்தம் கேட்கும், பனிக்காலத்தில் கூடும், மருந்துப் புகை பிடித்தால் அடங்கிவிடும். முப்பது வருடம் பீடி குடித்தவர் வந்து இளைக்குது என்பார். முப்பது வருடம் விறகடுப்பை ஊதிய பெண்ணும் அதையேதான் சொல்வாள், இருவர் நுரையீரலும் ஒரே மாதிரிதான் கெட்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றால் டி.பி.யா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் அவரும் சொல்வது இளைப்புதான். கடைசியாக ஓர் இளைப்பு இருக்கிறது. அது நுரையீரலில் தெரியும், ஆனால் நோய் அங்கே இல்லை, இதயத்தில். இதயம் ரத்தத்தை முன்னால் தள்ள முடியாமல் திணறும்போது பின்னால் நுரையீரலில் நீர் தேங்குகிறது. ஆள் தரையில் நின்றுகொண்டே உள்ளுக்குள் மூழ்குகிறார்.

இந்தக் கடைசி இளைப்பை முதல் மூன்றிலிருந்து பிரிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் தேன்மொழி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் வந்து சேர்ந்த வாரத்திலேயே நான் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

கோதண்டம் என்று கடலுக்குப் போகிற பெரியவர் ஒருவர், இளைக்குது என்று வந்தார். டாக்டர் இன்னும் வரவில்லை. நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. ஆஸ்துமா என்று முடிவு கட்டி, படுக்க வைத்து மருந்துப் புகை மாஸ்க்கை மாட்டினேன். மனிதர் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நான் அதட்டிப் படுக்க வைத்தேன். மறுபடி எழுந்தார். மறுபடி படுக்க வைத்தேன். மூன்றாவது தடவை டாக்டர் உள்ளே வந்தார். ஒன்றும் சொல்லாமல் பெரியவரைத் தூக்கி உட்கார வைத்துக் கால் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார். ஆக்ஸிஜன் வைத்தார். நீர் பிரிய ஊசி போட்டார். அப்புறம் அவர் தோளில் கை வைத்து, அவருக்குச் சிறுநீர் வரும்வரை அப்படியே நின்றார். அரை மணி நேரம் இருக்கும். பெரியவருக்கு மூச்சுத் திணறல் அடங்கியது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. கை கழுவிக்கொண்டே சொன்னார்: “இளைக்குதுன்னு வந்தா முதல்ல நெஞ்சுல ஸ்டெத்த வைக்காதீங்க சிஸ்டர். ஆளு எப்படி உக்காந்திருக்காருன்னு பாருங்க. படுக்க மாட்டேங்கறவர படுக்க வைக்காதீங்க.”

அன்றிலிருந்து அவர் வேலை செய்கிற விதத்தைக் கவனித்தேன். நோயாளியைவிடத் தாழ்வான ஸ்டூலில் உட்காருவார். மூன்று கேள்வி, எப்போதும் அதே வரிசையில். படுத்தா எப்படி இருக்குது? தூக்கத்துல மூச்சு முட்டி எழுந்து உக்கார்றீங்களா? கால் வீங்குதா? பிறகு கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டை விரலை வைத்து அழுத்தி, வாய்விட்டுப் பத்து வரை எண்ணுவார். விரலை எடுத்ததும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்டெதாஸ்கோப். அதை வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார்; அந்த நேரத்தில் யாராவது பேசினால் கையை மட்டும் உயர்த்துவார். வெளியே நூறு பேர் நின்றாலும் அந்தக் கண்கள் திறக்க அவசரப்படாது. எனக்கு அந்த நிதானத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

அஞ்சலை வந்தது அந்தக் காலத்தில்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளும் அவள் புருஷன் ஏழுமலையும் உப்பளத்தில் கூலி. அவள் பாத்தியில் உப்பை வாரிக் குவிப்பாள், அவன் மூட்டை தூக்குவான். கூடையைத் தூக்கினால் இளைக்குது என்று மெடிக்கல் ஷாப்பில் ஏதோ மாத்திரை வாங்கி ஒரு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் மூன்று கேள்வியும் கேட்டார். சுவரில் சாய்ந்துகொண்டுதான் தூங்குவதாகச் சொன்னாள். கால் அழுத்தினார், பள்ளம் விழுந்தது. தலைமாட்டை உயர்த்தி, இடது பக்கம் ஒருக்களித்துச் சாய வைத்து வெகு நேரம் கேட்டார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினார்.

லப்-டப்புக்கு நடுவில் வேறொரு சத்தம் இருந்தது. தூரத்தில் உப்பு லாரி ஒன்று மேட்டில் முக்கிக்கொண்டு ஏறுவதுபோல ஓர் உறுமல்.

“சின்ன வயசுல முட்டி முட்டியா வீங்கி காய்ச்சல் வந்துச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

“வந்துச்சுங்க. பள்ளிக்கூடம் போவாம ஒரு மாசம் படுத்துக் கெடந்தேன். அப்புறம் தானா சரியாயிடுச்சு.”

முட்டி சரியாகிவிட்டது. இதயத்தின் வால்வு சரியாகவில்லை. தொண்டை வலியில் தொடங்குகிற அந்தக் காய்ச்சல், கவனிக்காமல் விட்டால் வால்வில் தழும்பை விட்டுப் போகும். தழும்பு வருடக்கணக்கில் இறுகி, கதவு ஒட்டிக்கொண்டதுபோல ஆகிவிடும். இருபது வருடம் கழித்து ஒரு நாள் கூடையைத் தூக்கும்போது மூச்சு வாங்கும்.

பாண்டிக்கு அனுப்பி எக்கோ எடுத்தோம். வால்வு சுருங்கியிருப்பது உறுதியானது. பலூன் வைத்து விரிக்க வேண்டும், முறை வரும்வரை மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊசியை இங்கேயே போடலாம் என்று டாக்டர் சொன்னதும், “வேணாம் டாக்டர், பாண்டிலயே போட்டுக்கட்டும்” என்றேன்.

காரணம் சொல்கிறேன். அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சில நிமிடத்தில் ரத்த அழுத்தம் விழுந்து, தொண்டை வீங்கி, ஆள் நம் கண் முன்னால் போய்விடலாம். அது மிக அபூர்வம்தான். ஆனால் அந்தப் பயத்திலேயே பல இடங்களில் இந்த ஊசியைத் தொட மாட்டார்கள். “நாம போடலன்னா காய்ச்சல் திரும்ப வரும், வால்வு இன்னும் கெடும். அது நிச்சயம் சிஸ்டர்” என்றார் டாக்டர். அதற்குமேல் விவாதம் இல்லை. முதலில் முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி போட்டுச் சுற்றிலும் பேனாவால் வட்டம் போட வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே போட, பக்கத்துத் தட்டில் அட்ரினலின் ஏற்றிய சிரிஞ்ச் தயாராக இருக்க வேண்டும். வட்டம் தடிக்கவில்லை என்றால் பொடியில் தண்ணீர் விட்டுப் பால் மாதிரி ஆகும்வரை குலுக்கி, தடித்த ஊசியில் இழுத்து, தாமதிக்காமல் இடுப்புச் சதையில் ஆழமாகப் போட வேண்டும். தாமதித்தால் ஊசியிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். போட்ட பிறகு அரை மணி நேரம் நோயாளியை பெஞ்சில் உட்கார வைத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் தடவை அந்த அரை மணியில் நான் அஞ்சலையிடம் எட்டு தடவையாவது ‘தொண்டை அரிக்குதா?’ என்று கேட்டிருப்பேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ரவிக்கை நனைந்து போயிருந்தது.

அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். வராந்தா முழுக்கக் குழந்தைகளின் அழுகை. டாக்டர் என்னிடம், “உப்பு விஷயத்த நீங்க எடுத்துச் சொல்லிடுங்க. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கஞ்சில போடற உப்பு, எல்லாம். இவங்களுக்கு எந்த நாளும் நுரையீரல்ல நீர் கட்டிக்கலாம்” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று முன்பே சொன்னேன்.

மாத்திரைகளை அஞ்சலை கையில் கொடுத்துவிட்டு, “உப்பை விட்டுடணும்” என்றேன்.

“உப்பையா சிஸ்டர்?”

“ஆமா. அறவே.”

“இப்பப் போயி எப்படி சிஸ்டர் விடறது?”

“எப்படியோ விடு. உப்பு முக்கியமா, உசுரு முக்கியமா?”

“பாதி நாளு மட்டுமாவது…”

“பாதி நாளும் இல்ல, கால் நாளும் இல்ல. உப்பை விடலன்னா உசுர விடணும். புரியுதா?”

அவள் முகம் சுண்டிப்போனது. “ஊட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு…” என்று இழுத்தாள்.

“இதுல கேக்க இன்னா இருக்குது? அடுத்தது யாரு, வாங்க” என்றேன். கருவாடு என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வந்திருந்தால் போதும். வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அடுத்த ஊசிக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது, ஆனால் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது, நீர் சேர்ந்த எடை. டாக்டர் அன்று ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். நானே அவள் காலை எடுத்து ஸ்டூலில் வைத்து அழுத்தினேன். பள்ளம் முன்பைவிட ஆழமாக விழுந்தது. அப்போது இன்னொன்றையும் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் நிற்பவர்களுக்குப் பாதத்தில் எப்போதும் வெடிப்பும் புண்ணும் இருக்கும். அவளுக்கு அதெல்லாம் ஆறிப்போய்ப் பாதம் வழவழவென்று இருந்தது. பார்த்தேன். பார்த்து என்ன, மண்டையில் ஏறவில்லை.

“உப்பை விட்டியா இல்லியா?”

“விட்டுட்டேன் சிஸ்டர்.”

“பொய் சொல்லாத. காலு சொல்லுது நீ விடலன்னு.”

“அங்காளம்மா மேல சத்தியமா விட்டுட்டேன் சிஸ்டர்.”

“சாமிய ஏன் இழுக்கற? உன்னால ஒரு உப்பை விட முடியல, உனக்கு எதுக்கு வைத்தியம்?” என்று வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டருக்குப் போன் செய்தேன். நாளைக்கு வரச் சொல்லுங்கள், நான் பார்க்கிறேன் என்றார். அஞ்சலையிடம் சொன்னேன். தலையாட்டினாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. என்னிடம் மறுபடி திட்டு வாங்க வேண்டாம் என்றுதான் வரவில்லை என்று பின்னால் தெரிந்தது.

ஐந்தாம் நாள், உச்சிப் பொழுது. டாக்டருக்கு வானூரில் மீட்டிங். ஷேர் ஆட்டோ ஒன்று கேட்டுக்குள்ளேயே வந்து நின்றது. ஏழுமலை அவளை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தான். அவள் இரண்டு கையையும் முன் சீட்டில் ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ரோஸ் நிறத்தில் நுரை.

அந்த நுரையை நான் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். நுரையீரல் நிறைந்து, நீர் தொண்டைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று தோன்றியது.

டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “சிஸ்டர், எப்படி உக்காந்திருக்காங்க?”

“முன்னால குனிஞ்சு, கைய ஊனிக்கிட்டு.”

“அப்படியே இருக்கட்டும். கால தொங்கவிடுங்க. ஆக்ஸிஜன். நீர் ஊசி ரெண்டு ஆம்பியூல் நரம்புல. நான் லைன்லயே இருக்கேன்.”

அவள் கையெல்லாம் வேர்த்துச் சில்லென்று இருந்தது, நரம்பு எதுவும் தட்டுப்படவில்லை. முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. பேச முடியாது அவளால். கண் மட்டும் என் விரலை விட்டு அகலவில்லை. “டாக்டர், கிடைக்கல” என்று கத்தினேன். “புறங்கையைப் பாருங்க. கட்டை விரல் பக்கம். மெதுவா” என்றது போன். மூன்றாவது தடவை ஊசிக்குழாயில் ரத்தம் ஏறியது. மருந்தை மெல்லச் செலுத்தினேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. இனி காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் பயம் முழுசாக வந்தது. ஏழுமலை பக்கம் திரும்பினேன்.

“படிச்சுப் படிச்சு சொன்னேனே, உப்பை விடச் சொல்லி! கேட்டீங்களா? இப்பப் பாரு!”

அவன் திகைத்துப் போய் என்னைப் பார்த்தான். “விட்டுட்டாளே சிஸ்டர். நீங்க சொன்ன அன்னைக்கே உட்டுட்டா. ஒரு மாசமா அளத்துப் பக்கமே போவல. சீசன்ல ஆளு இல்லன்னு மேஸ்திரி ரெண்டு தடவ ஊட்டுக்கே வந்து கூப்ட்டான். சிஸ்டர் உசுரு போயிடும்னு சொல்லியிருக்குது, நான் உப்புக்கு வர மாட்டேன்னுட்டா.”



நடவு வேலைக்குப் போகிறவர்கள் நடவுக்குப் போறேன் என்பார்கள். களையெடுக்கப் போகிறவர்கள் களைக்குப் போறேன் என்பார்கள். இந்த ஊரில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் உப்புக்குப் போறேன் என்பார்கள். இருபது வருடமாகத் தினமும் என் காதில் விழுகிற பேச்சு. அவளுக்கு உப்பு என்றால் வேலை. பாதி நாள் மட்டுமாவது என்று அவள் கெஞ்சியது சோற்றுக்கு இல்லை, கூலிக்கு. யாராவது குழம்புக்குப் பாதி நாள் உப்புப் போடுவார்களா? அது என் காதில் விழுந்தும் நான் கேட்கவில்லை.

என் குரல் எனக்கே கேட்காத மாதிரி கேட்டேன். “சாப்பாட்டுக்கு இன்னா பண்ணீங்க?”

“இன்னா பண்றது சிஸ்டர்? ஒருத்தன் கூலிதானே. காய்கறி எங்க வாங்கறது? கஞ்சியும் கருவாடும்தான். அவளுக்கு வாய் கசக்குதுன்னு கஞ்சில இன்னும் ரெண்டு கல்லு உப்பு போட்டுக் கொடுப்பேன்.”

நான் ஒரு சொல்லால் அவள் கூலியை நிறுத்தினேன். கூலி நின்றதால் வீட்டில் கருவாட்டைத் தவிர ஒன்றும் இல்லாமல் போனது. உப்பை விடு என்று சொல்லி, முன்பைவிட அதிக உப்பை அவளுக்கு ஊட்டியது நான்தான். அந்த நுரை நான் வரவழைத்தது.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி பறந்தது. பின் கதவின் கண்ணாடி வழியாக உப்புப் பாத்திகள் பின்னால் போயின. குனிந்து வாரிக்கொண்டிருந்த பெண்கள் தெரிந்தார்கள். அவள் மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. மாதாவே, இவளை எடுத்துக்கொள்ளாதே என்று வேண்டினேன். அதற்குள்ளேயே இன்னொரு பயம் எட்டிப் பார்த்தது. இது வெளியே தெரிந்தால் எனக்கு என்ன ஆகும்? வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாலைக்குள் மூச்சுத் திணறல் கொஞ்சம் குறைந்தது. பணியில் இருந்த இளம் டாக்டர் அவளிடம், “உப்பக் குறைக்கச் சொல்லலியா உங்களுக்கு?” என்றார். அவள் மாஸ்க்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். “சொன்னாங்க” என்றாள். “சொன்னா கேக்க மாட்டீங்க. அப்புறம் இப்படி வந்து நிப்பீங்க” என்று கடிந்துகொண்டே ஏதோ எழுதினார். வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டாள் டாக்டர், நான் சொன்னதைத்தான் கேட்டாள் என்று. விழுங்கிவிட்டேன். மெமோ, விசாரணை, ஊர் முழுக்கப் பேச்சு எல்லாம் கண் முன் வந்தன. மறுநாள் டாக்டர் தேன்மொழி, “உப்பு பத்தி விளக்கமா சொன்னீங்கல்ல சிஸ்டர்?” என்று கேட்டார். “சொன்னேன் டாக்டர்” என்றேன். அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எனக்குத் திட்டைவிட வலித்தது. ஒரு வருடத்தில் அவர் மேற்படிப்புக்குப் போய்விட்டார்.

பத்து நாளில் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். அஞ்சலை நடந்து வீடு வந்தாள். டிஸ்சார்ஜ் அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். “இன்னா எழுதிருக்குது சிஸ்டர்?” இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது: இந்த நோயாளி மருத்துவ அறிவுரையைப் பின்பற்றவில்லை. “மாத்திரை பேரும்மா” என்றேன்.

பிறகு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, கருவாட்டிலிருந்து அப்பளம் வரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது புதிதாகச் சேர்ந்த அறிவுரை போலச் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் “சரிங்க சிஸ்டர்” என்றாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உப்பு வாருவதை விட்டுவிட்டு, ஷெட்டில் உட்கார்ந்து பாக்கெட் போடுகிற வேலைக்குப் போனாள்.

அன்று முதல் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரையும், “ஊட்டுக்குப் போயி நான் சொன்னத எப்படி சொல்லுவ? இப்ப என்கிட்ட சொல்லு” என்று சொல்ல வைத்தேன். சொன்ன பிறகுதான் விடுவேன். கியூ நீளும், ஜனங்கள் முணுமுணுப்பார்கள், கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். உப்பு என்று தனியாகச் சொல்லவே மாட்டேன். வாயில போற உப்பு என்பேன். ஒன்பது வருடம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சலை வந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த அரை மணி நேரம் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகுமோ என்ற பயம் பாதி. இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ என்ற பயம் பாதி.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் வட்டம் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். நான் எதையும் தொடவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். மருந்தைக் குலுக்கினாள், இழுத்தாள், போட்டாள். ஊசி அடைக்கவில்லை. அஞ்சலை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி நான் அங்கே வேலை செய்கிறவள் இல்லை. என்னை யாரும் எதுவும் செய்ய முடியாது. அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையில் இருந்த வரியையும் சொன்னேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, “எந்த உப்புன்னு எனக்கு அப்பவே தெரியும் சிஸ்டர்” என்றாள்.

“எப்படி?”

“பாண்டில சோறு வெக்கிற அம்மாகிட்ட, இன்னாம்மா உப்பே இல்லன்னு கேட்டேன். உனக்கு உப்பு ஆவாது, விடச் சொல்லலியான்னுச்சு. அப்பத்தான் வெளங்குச்சு.”

“அப்ப ஏம்மா யார்கிட்டயும் சொல்லல? என்னையாவது நாலு வார்த்த கேட்டிருக்கலாமே?”

“கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஊட்டுக்கு வந்து மூணு நாளு உங்களத்தான் திட்டிகினு இருந்தேன். டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம்னு இவரு கெளம்பினாரு. நான்தான் வேணாம்னு நிறுத்தினேன்.”

“ஏன்?”

“சொன்னா உங்கள மாத்திடுவாங்க. புதுசா ஒருத்தங்க வருவாங்க.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நீங்க ஒரு தடவ தப்பு பண்ணிட்டீங்க. இனிமே எதச் சொன்னாலும் பயந்துகினே சொல்லுவீங்க. புதுசா வர்றவங்களுக்கு அந்தப் பயம் இருக்காதே சிஸ்டர்.”

ஒன்பது வருடம் நான் அவளைக் கண்காணித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவள்தான் என்னை அங்கே பிடித்து வைத்திருந்தாள்.

அரை மணி முடிந்தது. நர்ஸ் பெண் உள்ளேயிருந்து நோட்டோடு வந்தாள். முகத்தில் இப்போது நடுக்கம் இல்லை. முதல் ஊசியை நன்றாகப் போட்டுவிட்ட சந்தோஷம் தெரிந்தது. “அடுத்த ஊசி மூணு வாரம் கழிச்சும்மா. மாத்திரைய விடாதீங்க. உப்ப மட்டும் விட்டுடுங்க” என்றாள்.

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

“எந்த உப்பு சிஸ்டர்?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “எந்த உப்பா? உப்புன்னா உப்புதான்மா.”

அஞ்சலை சிரிக்கவில்லை. நான் நகர்ந்து இடம் விட்டு, அந்தப் பெண்ணை பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.